ஆறடி நீள விலக்கு ஆணை

பூமிக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பல்கலைக்கழகம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஏகமனதாக முடிவு செய்தது. நோய் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் பார்க்க வேண்டுமல்லவா? வருகிற பன்னிரண்டாம் தேதி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வளாகத்தின் எல்லாக் கட்டடங்களிலும் மின்சாரத்தை நிறுத்திப் பூமிக்கு ஓய்வு கொடுப்பது, அந்த ஓய்வைக் கொண்டாட அரங்கத்தில் பெரிய விழா எடுப்பது, விழாவின் விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை வரவழைப்பது என்று மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. பூமியோடு பெண்களையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். இரண்டு தரப்புமே பொறுமைக்குப் பெயர் போனவை என்பதால் யாரும் மறுக்கவில்லை. விழாவுக்கு 'பூமி நலமும் பெண் விஞ்ஞானி ஆதரவும்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சுற்றறிக்கை ஆய்வக மேஜைக்கு வந்தபோது ஏரிக்காரி முதலில் படித்தது பெயரை அல்ல, நேரத்தை. பத்து முதல் ஐந்து வரை. ஏழு மணி நேரம். அவள் மூலையிலிருந்த குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏரிக்காரி என்பது துறையில் அவளுக்கு வைத்த பெயர். ஆறு வருஷமாக வாரம் தவறாமல் ஊர் எல்லையிலிருக்கும் ஏரிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த ஏரியைத்தான் ஊர் குடிக்கிறது. வெயில் காலம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போக, ஏரி பச்சைப் பாசி கட்டத் தொடங்கியது. பாசி ஒரு நஞ்சைத் தண்ணீரில் விடும். அந்த நஞ்சு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கலந்து வயிற்றிலிருக்கும் பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது அவளுடைய சந்தேகம். ஊரில் சின்னப் பிள்ளைகள் பலர் காலையில் முகம் வீங்கி எழுந்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குச் சாட்சி வேண்டும். ஐந்தாம் மாதக் கர்ப்பிணிகள் இருநூற்றாறு பேரிடம் ஆறு வருஷத்தில் ரத்தம் வாங்கி, ஆளுக்கொரு குப்பியில் அடைத்து, அந்தக் குளிர்பெட்டியில் மைனஸ் எண்பது டிகிரியில் உறையவைத்திருந்தாள். ஊரிலேயே அவ்வளவு குளிர்கிற பெட்டி அது ஒன்றுதான். பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனம் இரண்டு வருஷக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பதினான்காம் தேதி வந்து சேரும் என்று அப்போதுதான் தகவல் வந்திருந்தது.

பெட்டி பழையது. கதவோரத்து ரப்பர் வெடித்துப் போயிருந்தது. மின்சாரம் நின்றால் மூன்று மணி நேரம் தாங்கும். மைனஸ் ஐம்பதைத் தாண்டிச் சூடேறினால் ரத்தத்திலிருக்கும் சாட்சி சிதையத் தொடங்கும். ஏரித் தண்ணீர் என்றால் மறுபடி மொண்டு வரலாம். நாலு வருஷத்துக்கு முந்தைய ஐந்தாம் மாதத்து ரத்தத்தை மறுபடி எடுக்க எந்த நர்ஸாலும் முடியாது.

"விலக்கு கேளுங்க மேடம். கேட்டா குடுக்காமலா போயிடுவாங்க?" என்றாள் அக்கா.

அக்கா அந்த ஆய்வகத்தின் உதவியாளர். குப்பிகளைக் கழுவுவது முதல் ஏரியில் படகைப் பிடித்துக்கொள்வது வரை அவள்தான். நாற்பதை நெருங்கும்போது தரித்த ஒரே பிள்ளைக்கு இப்போது நாலு வயது. எண்பத்தெட்டாம் குப்பி அக்காவுடையது. மாதம் ஒரு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் அவள் விடுப்பு எடுப்பாள்.

ஏரிக்காரி விலக்கு கேட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

விண்ணப்பம் பதிவாளரிடம் போயிற்று. பெண் விஞ்ஞானி சம்பந்தப்பட்ட எதையும் 'பெண் விஞ்ஞானிகள் ஆதரவுக் குழு'தான் பார்க்க வேண்டும் என்று அவர் அதை அங்கே அனுப்பினார். குழுவில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். தலைமை ஒருங்கிணைப்பாளர் முந்தின வருஷம் வரை வாகன நிறுத்தக் குழுவைக் கவனித்தவர். எந்தப் பேச்சையும் "ஆதரவு உண்டு" என்று முடிப்பதால் வளாகத்தில் அவருக்கு ஆதரவு சார் என்றே பெயர்.

"உங்க விண்ணப்பத்தைப் படிச்சேன், கண்ணு கலங்கிடுச்சு. ஆனா பாருங்க, பெண்ணோட விண்ணப்பத்தை ஆறு ஆம்பளைங்க உக்காந்து முடிவு பண்றது அநியாயம். அதை நாங்க ஒருநாளும் செய்யமாட்டோம். ஒரு பெண் உறுப்பினர் கையெழுத்து இல்லாம எதையும் பாஸ் பண்றதில்லைன்னு விதியே போட்டு வெச்சிருக்கோம்" என்றார் ஆதரவு சார்.

"பெண் உறுப்பினர் யாரு சார்?"

"அந்த இடம் குழு தொடங்கின நாள்லேருந்து காலியா இருக்கு. யாருக்குமே நேரம் இல்லைங்கறாங்க. அதான் உங்களையே போட்டுட்டோம்." நியமனக் கடிதத்தை நீட்டினார். "வாழ்த்துக்கள். ஆதரவு உண்டு."

அவள் பேனாவை எடுத்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தாத குறையாகத் தடுத்தார்.

"நீங்க இதுல கையெழுத்துப் போடக் கூடாது மேடம். விதி பதினாலு. குழு முன்னாடி இருக்கற விஷயத்துல உறுப்பினரே சம்பந்தப்பட்டிருந்தா அந்த விஷயம் தானாவே ரத்து. இப்ப நீங்க உறுப்பினர். அதனால உங்க விண்ணப்பம் ரத்தாயிடுச்சு."

"அப்ப நான் உறுப்பினரா இருக்க வேண்டாம் சார். ராஜினாமா பண்றேன்."

"தாராளமா. ராஜினாமாவைக் குழு ஏத்துக்கணும். குழு கூடணும்னா பெண் உறுப்பினர் வந்தாகணும்."

அவள் தன் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனாள். அவள் வந்திருப்பதே பதவியில் தொடர்வதற்குச் சான்று என்று குழு மனமுவந்து பதிவு செய்தது.

அடுத்த நாள் குளிர்பெட்டிக்கு மட்டும் ஒரு சிறிய ஜெனரேட்டரைச் சொந்தச் செலவில் கொண்டுவர அனுமதி கேட்டாள். பூமி ஓய்வெடுக்கும் நாளில் புகை கக்கும் எந்திரங்களுக்கு வளாகத்தில் இடமில்லை, விழாவின் இரண்டு எந்திரங்கள் நீங்கலாக, என்று பதில் வந்தது. அதையும் விட்டு ஐந்து கிலோ உலர் பனிக்கட்டி கேட்டாள். உறைந்த கரியமிலவாயுதான் உலர் பனிக்கட்டி. மைனஸ் எழுபத்தெட்டு டிகிரி. நாலு துண்டு பெட்டிக்குள் வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும். தனி ஆளுக்கு விற்கமாட்டார்கள், பல்கலைக்கழகம்தான் வாங்கித் தர வேண்டும். கொள்முதல் அதிகாரி கோப்பில் எழுதினார்: 'பனிக்கட்டி என்பது உருகி நீராவது. உலர்ந்திருப்பதாகச் சொல்லப்படும் பனிக்கட்டியின் தரம் ஐயத்துக்குரியது. நிராகரிக்கப்படுகிறது.'

பதினோராம் தேதி மாலை அவள் பதிவாளர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெட்கம், மரியாதை எல்லாம் அந்த வாரத்திலேயே செலவாகியிருந்தன. வீட்டுக்குப் புறப்பட்ட பதிவாளர் அவளைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றார்.

"துணைவேந்தர்கிட்ட சொல்லிட்டேன்மா. அவர் உருகிட்டார். விலக்கு ஆணையை நாளைக்கு மேடையிலேயே, எல்லார் முன்னாடியும், தன் கையால தர்றேன்னுட்டார். பெண் விஞ்ஞானிக்கு ஆதரவுன்னா இதுதான்னு உலகம் பாக்கட்டும்ங்கறார்."

"எத்தனை மணிக்கு சார்?"

"பத்தரைக்கு விழா. அஞ்சு நிமிஷத்துல உங்களை முடிச்சுடலாம். மேடையில உக்காந்திருங்க, அது முக்கியம். நீங்கதான் விழாவோட முகம். ஆள் இல்லைன்னா ஆணையும் இல்லை. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க."

பத்தரை என்றால் அரை மணி நேர நஷ்டம். பெட்டி தாங்கும். அவளுக்குப் பல நாள் கழித்து அன்றுதான் தூக்கம் வந்தது.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பெட்டியின் உறுமல் நின்றது. அந்த அறையில் ஆறு வருஷமாக ஓயாத சத்தம் நின்றதும் காது அடைத்தது போலிருந்தது. உள் வெப்பத்தைக் காட்டும் கருவிக்கு மட்டும் தனி பேட்டரி இருந்தது. மைனஸ் எண்பது.

"கதவைத் திறக்கவே கூடாது அக்கா. யாரு வந்து கேட்டாலும்."

"தெரியும் மேடம். நான் நம்பரை மட்டும் அனுப்பிட்டே இருக்கேன். நீங்க போயி அந்தப் பேப்பரை வாங்கிட்டு ஓடி வாங்க."

அரங்கம் முந்நூறு அடி தள்ளி இருந்தது. வாசலில் இரண்டு ஜெனரேட்டர்களும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போனால் பல் கிட்டித்தது; அவ்வளவு குளிர். மேடையில், துணைவேந்தருக்காகக் காலியாக விட்டிருந்ததையும் சேர்த்து, பதின்மூன்று நாற்காலிகள். பதினொன்றில் ஆண்கள். ஓரத்து நாற்காலியில் 'முகம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள்.

பத்தரைக்குத் துணைவேந்தர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பூமி பற்றிய இன்னொரு கூட்டத்திலிருந்து வந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். அவள் மடியிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. அக்கா அனுப்பியது வெறும் எண். -71.

பதினொன்றே காலுக்கு அவர் வந்தார். எல்லாரும் எழுந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்கள். ஆதரவு சார் வரவேற்புரையைத் தொடங்கினார்.

"பெண்களை ஆதரிக்கறது எனக்குப் புதுசு இல்லை. என் மனைவியும் டாக்டர் பட்டம் வாங்கினவங்கதான். நான் ஆராய்ச்சி பண்ண வீட்டுல அமைதி வேணும்னு அவங்களே வேலையை விட்டாங்க. யாரும் சொல்லலை. அந்த முடிவை நான் எவ்வளவு ஆதரிச்சேன்னு அவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. இன்னிக்குக் கூட்டத்துக்கு வரணும்னு ஆசைப்பட்டாங்க. வீட்டுல வேலை இருக்கு."

கூட்டம் கைதட்டியது. -64.

ஏரிக்காரி பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, என்னுடையது எப்போது வரும் என்று கேட்டாள். அவர் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். அவளுடைய ஆணை ஒன்பதாவது. அதற்கு முன்னால் எட்டாவதாக அவளுடைய நன்றியுரை இருந்தது. தராத பொருளுக்கு நன்றி சொல்வது எப்படி என்று அவள் குழம்பும்போதே உரை கைக்கு வந்தது. யாரோ எழுதி அச்சடித்தது. 'நான் ஒரு பெண்' என்று தொடங்கி, 'இங்கே குரல் தழுதழுக்க வேண்டும்' என்று நடுவில் குறிப்புப் போட்டு, 'எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்று முடிந்தது.

பிறகு துணைவேந்தர் பேசினார்.

"பூமியை நான் ரொம்ப நேசிக்கறேன். மேலேருந்து பாக்கறப்போ அவ்வளவு அழகு. இந்த வருஷம் மட்டும் பூமி நலம் பத்திப் பதினேழு மாநாட்டுக்கு விமானத்துல போயிருக்கேன், பதினேழு தடவையும் ஜன்னல் சீட்டு. பூமியைப் பாத்துட்டே போவேன். பாவமா இருக்கும்." தண்ணீர் குடித்தார். அது ஏரித் தண்ணீர் அல்ல, மூடி திருகிய பாட்டில். "நம்ம பல்கலைக்கழகத்துல பெண் விஞ்ஞானிகள் ஏன் குறைச்சல்னு பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். குறைச்சலா இருந்தாத்தானே ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கவனிச்சு ஆதரிக்க முடியும்? நூறு பேர் வந்துட்டா யாரை ஆதரிக்கறது?"

இந்த வாதத்துக்கு மேடையிலிருந்த பதினொரு தலைகளும் ஆமோதித்து ஆடின. -60 என்றது கைப்பேசி. சற்று நேரத்தில் இன்னொரு செய்தி, முதல் முறையாக எழுத்தில்: 'மேடம் சீக்கிரம்'.

ஏரிக்காரி மேடையின் பக்கவாட்டுப் படியைப் பார்த்தாள். எழுந்து ஓடலாம். ஓடினால் ஆணை கிடையாது, ஆணையில்லாமல் சுவிட்சைத் தொட முடியாது. இருந்தால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எங்கோ ஒரு குப்பியில் ஒரு பெண் அழிந்துகொண்டிருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னாளில் அந்த உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

நன்றியுரையில் குரல் தழுதழுக்க வேண்டிய இடம் எதுவென்று அவள் தேடவில்லை. முதல் வரியிலிருந்தே தழுதழுத்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆணை வந்தது. அதை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், தடித்த நுரைப்பலகை. அதன்மேல் நாலு வண்ணத்தில் விலக்கு ஆணை, துணைவேந்தரின் சிரித்த படம், கீழே முழங்கை நீளத்துக்கு அவருடைய கையெழுத்து. அதை அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு ஏழு படங்கள் எடுத்தார்கள். ஆறாவதில் அவள் கண் மூடியிருந்ததால் எட்டாவது எடுத்தார்கள்.

-56.

அவள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினாள். வளாகத்தின் சுவிட்சுகளுக்கெல்லாம் பொறுப்பான எலக்ட்ரீஷியன் அங்கேதான், ஜெனரேட்டர் கம்பிகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வுக்குப் பதினோரு மாதம் பாக்கி இருந்த மனிதர்.

"அண்ணே, ஆணை வந்துடுச்சு. எங்க கட்டடத்துக்கு லைனைக் குடுங்க."

அவர் எழுந்து பலகையைத் தலையிலிருந்து கால் வரை படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"ஆணை சரியாத்தான் இருக்கும்மா. இதோட பேப்பர் எங்க?"

"இதுதாண்ணே ஆணை."

"இதை நான் எப்படி ஃபைல்ல போடறது? நாளைக்கு யார் சொல்லி லைன் குடுத்தேன்னு கேட்டா இந்தப் பலகையையா தூக்கிட்டுப் போயி காட்டுவேன்? முத்திரை இல்லை, தேதி இல்லை. சின்ன பேப்பர்ல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் குடுத்துடறேன். என் பென்ஷன் இதுல இருக்கும்மா."

பதிவாளர் மேடையில் இருந்தார். அவள் கீழேயிருந்து சைகை காட்டினாள். அவர் புகைப்படத்துக்கு என்று நினைத்துச் சிரித்துக் கை அசைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே சாமி கொடுத்த வரமே கோப்புக்குள் நுழையாத அளவில் இருந்தது.

-54. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அதுவரை எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது.

அப்போதுதான் கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தாள். மேடையின் பின்திரைக்கு அடியிலிருந்து வெண்புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேடையில் அறிவிப்பு கேட்டது: "இப்போது நம் விழாவின் சிகரம், பூமியின் மறுபிறப்பு."

அவள் திரையை விலக்கினாள். உள்ளே ஒரு ஆள் கனத்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீர் நிரம்பிய பீப்பாய்க்குள் வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். போடப் போடப் புகை பொங்கியது. பக்கத்தில் அதே துண்டுகள் நிரம்பிய நாலு மூட்டைகள்.

"இது என்னங்க?"

"உலர் பனிக்கட்டி மேடம். கையால தொட்டுடாதீங்க, தோல் உரிஞ்சிடும். மேடைக்குப் புகை வேணும்னாங்க. நாப்பது கிலோ. நேத்து மத்தியானம் சொன்னாங்க, சாயங்காலம் வந்துடுச்சு."

நாற்பது கிலோ. ஒரே மத்தியானத்தில். அவள் ஐந்து கிலோவுக்கு நடந்த நடையில் ஏரியை மூன்று முறை சுற்றியிருக்கலாம்.

"இதுல மூணு மூட்டை எனக்கு வேணும்."

"புகை நின்னுடுமே மேடம்."

"நிக்கட்டும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அந்த ஆள் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். அவள் ஆறடிப் பலகையைத் தரையில் கிடத்தினாள். துணைவேந்தரின் படம் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று மூட்டைகளையும் அதன் மேல் உருட்டினாள். இழுத்தாள். இரண்டடி நகர்ந்தது.

"ஒத்த ஆளா எப்படி இழுப்பீங்க?" எலக்ட்ரீஷியன் திரைக்குள் தலையை நீட்டியிருந்தார். ஒரு கணம் முக்காலியைத் திரும்பிப் பார்த்தார். "பேப்பர் இல்லாம சுவிட்ச் போட முடியாதுன்னுதான் சொன்னேன். பலகையைத் தூக்கறதுக்குப் பேப்பர் எதுக்கு? தலைமாட்டை நான் பிடிக்கறேன், நீங்க கால்மாட்டைப் பிடிங்க."

தூக்கினார்கள். பின்கதவு வழியாக வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. மூட்டைகளிலிருந்து புகை வழிந்து, இருவரும் மேகத்தைச் சுமந்து ஓடுகிறவர்களைப் போல இருந்தார்கள். நூறடியில் எலக்ட்ரீஷியனுக்கு மூச்சு வாங்கியது. மீதி வழியைப் பலகை தரையில் தேய்ந்துகொண்டே கடந்தது. கையெழுத்து முதலில் அழிந்தது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்பத்தொண்ணு மேடம்."

"ஒரே தடவைதான் திறக்கணும். நான் போடறேன். நீங்க எண்ணுங்க."

கதவு திறந்தது. அக்கா எண்ணினாள். ஒன்று, இரண்டு. ஏரிக்காரி தட்டுத் தட்டாகத் துண்டுகளை அடுக்கினாள். கீழ்த்தட்டு, நடுத்தட்டு. பதினான்கு, பதினைந்து. மேல்தட்டு. இருபத்திரண்டில் கதவு மூடியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கருவியைப் பார்த்தார்கள். ஐம்பது. ஐம்பதிலேயே நின்றது. எலக்ட்ரீஷியன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஐம்பத்திரண்டு. ஐம்பத்தேழு. அறுபத்தாறு.

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்துத்தான் ஏரிக்காரிக்கு அது உறைத்தது. கருவி காட்டுவது பெட்டியின் நடுவிலுள்ள குளிரை. கதவோரத்து ரப்பர் வெடித்திருப்பது மேல்தட்டுக்கு நேராக. அக்காவின் எண்பத்தெட்டாம் குப்பி மேல்தட்டில், கதவோர வரிசையில் இருந்தது. பெட்டியைத் துடைத்துத் துடைத்துப் பழகிய அக்காவுக்கு அது தெரியாமலிருக்க முடியாது.

"அக்கா, உங்களோடதை மட்டும் எடுத்துக் கீழ்த்தட்டுல வெச்சிருக்கலாமே."

"திறந்தா எல்லாருக்கும் சூடேறுமே மேடம்" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "நீங்கதானே திறக்கக் கூடாதுன்னீங்க."

ரசாயனம் சொன்ன தேதிக்கு வந்தது. பரிசோதனை மூன்று நாள் நடந்தது. இருநூற்றாறில் நூற்றுத் தொண்ணூற்றைந்து குப்பிகள் பேசின. ஏரி பச்சை கட்டிய மாதங்களில் சூல் கொண்டிருந்தவர்களின் ரத்தத்தில் நஞ்சு இருந்தது, முகம் வீங்குகிற பிள்ளைகளின் தாய்மாரிடம் அதிகமாக. சந்தேகம் சந்தேகமாக இல்லாமல் போயிற்று. அறிக்கையைக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். மேல்தட்டின் கதவோர வரிசைக் குப்பிகள் பதினொன்று எதுவும் சொல்லவில்லை.

குடிநீர் அலுவலகத்தின் பதில் வருவதற்கு முன்பே பதிவாளரிடமிருந்து குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, விழாவின் சிகரத்தில் புகையைக் குறைத்தது. அதனால் மறுபிறப்பெடுத்த பூமி தெர்மாகோல் என்பதும், தென் துருவத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருப்பதும் கடைசி வரிசை வரை தெரிந்துபோனது. இரண்டு, துணைவேந்தரின் ஆணையைத் தரையில் தேய்த்தது. பெண் விஞ்ஞானி மீதான விசாரணை என்பதால் ஆதரவுக் குழு விசாரிக்கும்.

குழு திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூடியது. ஏரிக்காரி போய்ப் பெண் உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காரணும் மேடம், விசாரணை உங்க மேலதான்" என்றார் ஆதரவு சார்.

"நான் இன்னும் உறுப்பினர்தானே சார்? ராஜினாமாவை நீங்க ஏத்துக்கலையே."

அவர் கோப்பைப் புரட்டினார். "ஏத்துக்கலை."

"பெண் உறுப்பினர் இல்லாம குழு கூட முடியாது, சரிதானே?"

"சரி."

"குழு முன்னாடி இருக்கற விஷயத்துல உறுப்பினரே சம்பந்தப்பட்டிருந்தா?"

ஆதரவு சார் விதிப்புத்தகத்தைத் திறந்தார். பதினான்காம் விதியை எழுதியவர் அவரேதான். அதை இரண்டு முறை படித்தார். மற்ற ஐவரும் மேஜையைப் பார்த்தார்கள். குற்றச்சாட்டு தானாகவே ரத்தாயிற்று என்று பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பெண் உறுப்பினர் கையெழுத்துப் போட்டாள்.

"ஆதரவு உண்டு" என்றாள் ஏரிக்காரி. வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படி இறங்குவதற்குள் அது தீர்ந்துவிட்டது.

ஆண்டறிக்கை இரண்டு மாதம் கழித்து வழவழப்பான தாளில் வந்தது. பதின்மூன்றாம் பக்கத்தில் பலகையைப் பிடித்தபடி அவளும் துணைவேந்தரும், எட்டாவது படம். கீழே எழுதியிருந்தது: 'மேடையில் வழங்கிய விலக்கு ஆணையால் காக்கப்பட்ட ரத்த மாதிரிகள்: 195.'

அக்கா கை ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அன்று பிள்ளைக்கு ஆஸ்பத்திரி நாள். பாதி விடுப்பு போட்டிருந்தாள்.

"மீதிப் பதினொண்ணு எங்க மேடம் போட்டிருக்காங்க?"

"கேட்டேன் அக்கா. அதுக்கு அவங்க படிவத்துல கட்டம் இல்லையாம்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு ஏரிக்காரி பேனாவை எடுத்து, வழவழப்பான தாளில் மை பிடிக்கும்வரை அழுத்தி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பதினொரு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எண்பத்தெட்டை முதலில் எழுதினாள்.